அளவு கண்ட அறிஞர் ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், செண்பகத்தோப்பு என்னும் வனம் உளது. காட்டழகரைச் சேவிக்கச் செல்லும் வில்லிபுத்தூராரும் இராஜபாளையத்தாரும் இத்தோப்பின் வழியாகவே மலையேறுவர். சாம்பல் நிற மலையணில்கள் கிளைக்குக் கிளை தாவும் இக்காடு 1988-ஆம் ஆண்டில் அவ்வணிலின் பெயராலேயே சரணாலயமாக்கப்பட்டது. 2021 முதல் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் விளங்குகின்றது. அம்மலையடிவாரத்தை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்வோமாயின், சதுரகிரிக்கு வழிவிடும் வத்திராயிருப்பு என்னும் ஊரை அடைவோம். அவ்வூரிலே, 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி, காரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லாவுக்கும், 1985-இல் விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறிற்று.

கிருஷ்ணன் என்ற பெயரைக் கேட்டவுடன் ராமன் விளைவையும், அதன் ஆராய்ச்சியில் ராமனுக்குத் துணைநின்ற இளைஞரையும் நினைப்பது நம்மவர் வழக்கம். அந்நினைவு பொய்யன்று. ஆனால் அவர் வாழ்நாளில் அஃது ஒரு மாதத்துச் செய்தி. எஞ்சிய நாற்பதாண்டு உழைப்பை அது மறைத்துவிட்டது. அவ்வுழைப்பு முழுவதையும் ஒரு சொல்லால் குறிக்க வேண்டின், அளவை என்று குறிக்கலாம். எதையும் எத்துணை என்று தவறின்றி அறிவதும், அவ்வறிவு ஓரூரில் மெய்யாயின் மற்றோரூரிலும் மெய்யாகுமாறு செய்வதுமே அவர் தம் தொழிலாகக் கொண்டிருந்தார். இதனாற் பயன் யாதென வினவுவாருக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தோலிலே தோன்றிய புற்றுக்கோ தடித்த தழும்புக்கோ மெலிந்த எக்ஸ் கிரணங்களைச் செலுத்தும் வைத்தியர், தாம் செலுத்தியது எத்துணை என்பதைக் கண்ணாற் காணார்; நோயாளியும் உடலால் உணரார். குறைந்தால் நோய் நிற்கும். மிகுந்தால் மேனி வேகும். அங்கே வைத்தியரின் கையைப் பிடித்து நடத்துவது ஓர் அளவுகோலே. அவ்வளவுகோல் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் கிருஷ்ணனது இளமையைக் காண்போம்.

தந்தையார் வேளாண்மை செய்துகொண்டே தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றிருந்தவர். ஏடும் ஏரும் ஒருங்கே இருந்த அவ்வீட்டில் வளர்ந்த மைந்தருக்கு இருமொழி இலக்கியத்திலும் பற்று உண்டானது இயல்பே. அப்பற்று இறுதிவரை நீங்கவில்லை. அக்காலத்துக் கிராமத்துப் பிள்ளை அளவு என்பதை முதன்முதற் காணுமிடம் நெற்களம். நெல்லைச் சீமையில் நெல்லைக் கோட்டையாலும் மரக்காலாலும் அளந்தனர். ஊருக்கு ஒரு மரக்கால், வணிகருக்கு ஒரு படி என்று வழங்கிற்று. வாங்குங்கால் ஒரு படி, விற்குங்கால் ஒரு படி என்று ஏசப்பட்ட வணிகரும் உண்டு. பிற்காலத்தில் இந்நாட்டின் எடைக்கும் முழத்துக்கும் ஆதாரமான பொருள்களைத் தம் பொறுப்பில் வைத்துக் காக்கப்போகும் ஒருவர் இத்தகைய நாட்டுப்புறத்தினின்றே வந்தார் என்பது எமக்கு வியப்பளிக்கின்றது.

வத்திராயிருப்பில் தொடக்கக் கல்வி கற்ற பின், ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். ஆண்டாள் கோயிற் கோபுரம் எவ்வீதியினின்று நோக்கினும் தோன்றும் ஊர் அது. பின்னர் மதுரைக்குச் சென்று, அமெரிக்க மதுரை மிஷனார் 1881-இல் நிறுவிய அமெரிக்கன் கல்லூரியிற் சேர்ந்தார். அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அக்கல்லூரி இன்று தாம்பரத்தில் உள்ளது. 1937 வரை ஜார்ஜ் டவுனிலேயே, உயர்நீதி மன்றத்துக்கு அருகே, கடைகளின் ஆரவாரத்துக்கிடையே இருந்தது. ஆங்குப் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர், அக்கல்லூரியிலேயே இரசாயன சாலையில் விளக்கிக் காட்டும் உபாத்தியாயராக அமர்ந்தார்.

இவ்வேலையில் அவர் செய்த ஒரு காரியம் மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் மறவாதிருத்தற்குரியது. நண்பகல் உணவு நேரத்தில் மாணாக்கர்களை அழைத்து வைத்து, பௌதிகமாயினும் கணிதமாயினும் இரசாயனமாயினும் எவ்வினாவையும் கேட்கலாம் என்று இடங்கொடுத்தார். பாடத்திட்டம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, பரீட்சையும் இல்லை. நாளடைவில் பிற கல்லூரிகளினின்றும் மாணவர்கள் அந்நேரத்தில் வந்து கூடலாயினர். இரசாயனம் கற்பிப்பவர் பௌதிக வினாவுக்கு விடை கூறுவதா என்று யாரும் தடை செய்யவில்லை. பாடங்களுக்கிடையே இந்நாளில் எழுந்துள்ள மதில்களை நோக்குங்கால், அக்கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்து கேட்டிருக்கலாகாதா என்னும் ஆசை எமக்கு எழுகின்றது.

1920-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே ஸர் சந்திரசேகர வேங்கட ராமன் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்திவந்தார். 1923 முதல் கிருஷ்ணன் அச்சங்கத்தில் அவருடைய ஆராய்ச்சித் துணைவரானார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஆர்தர் காம்ப்டன் என்பவர், எக்ஸ் கிரணம் பொருளின்மேற் பட்டுச் சிதறுங்கால் அதன் அலைநீளம் மாறுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகாக் கிரணத்தில் நிகழும் அம்மாற்றம், கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் நிகழுமோ? இவ்வினாவே கல்கத்தாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்டது.

1928 பிப்ரவரி மாதத்தில் கிருஷ்ணன் தூசியின்றித் தூய்மை செய்த திரவங்களின்மேல் சூரிய ஒளியைக் குவித்துச் செலுத்தினார். ஒளி புகுமிடத்தில் ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடி. சிதறிய ஒளியைப் பார்க்குமிடத்தில் அவ்வூதாவை அறவே தடுத்துப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடி. முதற் கண்ணாடி விட்டதை இரண்டாவது விடாது. ஆகவே நிறம் மாறாதிருப்பின் இருளே தோன்ற வேண்டும். இருள் தோன்றவில்லை, மங்கிய ஒளி தோன்றிற்று. ஏறத்தாழ அறுபது திரவங்களில் அவ்வாறே தோன்றிற்று. அம்மாதம் 16-ஆம் தேதி இருவர் பெயராலும் அனுப்பப்பெற்ற கடிதம் மார்ச் 31-இல் லண்டன் நேச்சர் பத்திரிகையில் வெளிவந்தது. 1930-இல் நோபெல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. பங்கு யாருக்கு எத்துணை என்று பிற்காலத்தார் வழக்காடினர். கிருஷ்ணன் அவ்வழக்கில் தம்மை நுழைத்துக்கொள்ளவில்லை, யாமும் நுழையவில்லை. அந்நாட்களில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அதுவே போதிய சான்று.

நிற்க. 1928-இன் இறுதியில் அவர் டாக்கா சர்வகலாசாலைக்குப் பௌதிக ரீடராகச் சென்றார். சத்தியேந்திரநாத் போஸ் ஆங்கிருந்தார். இங்கேதான் கிருஷ்ணன் தமக்கே உரிய வழியைக் கண்டார் என்பது எம் கருத்து. படிகங்களின் காந்த குணத்தை அளக்கத் தொடங்கினார். நாஃப்தலீன் போன்ற படிகத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. மிகச் சிறிதளவு தள்ளும். அத்தள்ளுதலும் எல்லாத் திசையிலும் ஒரேயளவாய் இராது. திசைக்குத் திசை வேறுபடும். அவ்வேறுபாட்டை அளத்தல் எளிதன்று. படிகமோ கடுகளவினது, விசையோ அதனினும் சிறியது.

கிருஷ்ணன் செய்த உபாயம் இது. மயிரிழையினும் மெல்லிய ஸ்படிகக்கல் இழை ஒன்றில் படிகத்தைத் தொங்கவிட்டு, எங்கும் ஒரே வலிமையுடைய காந்த வெளியில் நிறுத்துவர். படிகம் தனக்கு இசைந்த ஒரு நிலையில் நிற்கும். பின் இழையின் மேல்நுனியை மெல்ல மெல்ல முறுக்குவர். இழை முறுக, படிகம் சிறிது திரும்பும். காந்தம் அதைப் பிடித்து நிறுத்தும். முறுக்கு ஏற ஏறப் படிகம் தன் நிலையினின்று 45 பாகை திரும்பியதும், காந்தத்தின் பிடி தன் எல்லையை அடைந்துவிடும். அதற்குமேல் ஓர் அணுவளவு முறுக்கினும் படிகம் சட்டெனப் புரண்டுவிடும். புரளும் அக்கணத்தில் இழை எத்தனை சுற்று முறுகியிருந்தது என்று எண்ணினால், காந்தத்தின் வேறுபாடு கணக்கில் வந்துவிடும். விலையுயர்ந்த பொறி வேண்டுவதில்லை. பொறுமையும், இழையின் குணத்தை முன்னரே செவ்வையாக அறிந்திருத்தலும் வேண்டும். ஸாந்திலால் பானர்ஜி முதலிய மாணாக்கருடன் இவ்வழியில் அளந்து வெளியிட்ட கட்டுரைகள் லண்டன் ராயல் சங்கத்தின் ஏடுகளில் வெளிவந்தன.

இவ்வளவின் பயன் எக்ஸ் கிரண ஆராய்ச்சியோடு சென்று கூடிற்று. படிகத்தினுள் அணுக்கள் எங்கெங்கு உள்ளன என்பதை எக்ஸ் கிரணத்தாற் காணலாம். ஆயின் அக்காலத்தில் அக்கணக்கு மிக நீண்டது. மூலக்கூறுகள் எத்திசையிற் சாய்ந்து கிடக்கின்றன என்பதைக் கிருஷ்ணனது காந்த அளவை முன்கூட்டியே உரைத்துவிடும். எக்ஸ் கிரணத்தார் அவ்விடத்தினின்று தம் கணக்கைத் தொடங்கலாம். இங்கிலாந்தில் எக்ஸ் கிரணத்தாற் படிகங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற காதலீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-இல் இப்பொருள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதற்குமுன் 1933-இல் அவர் கல்கத்தாவுக்கு மகேந்திரலால் ஸர்க்கார் பேராசிரியராகத் திரும்பிவிட்டார். 1940-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1942 முதல் அலகாபாத் சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியர். 1946-இல் ஸர் பட்டம்.

1947 ஜனவரி 4-ஆம் தேதி டில்லியில் தேசியப் பௌதிகச் சோதனைச்சாலைக்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் நியமிக்கப்பெற்றார். 1950 ஜனவரி 21-இல் ஸர்தார் வல்லபாய் பட்டேல் அக்கட்டடத்தைத் திறந்துவைத்தார். ஆராய்ச்சியாளர் ஒருவர் அதிகாரியாவது பல சமயம் ஆராய்ச்சிக்கு இறுதிச்சடங்காய் முடிவதுண்டு. இவர் விஷயத்தில் அங்ஙனம் நேரவில்லை.

அச்சாலையின் தலையாய கடமை நாட்டின் அளவைகளைப் பேணுதல். 1956-இல் எடையளவைச் சட்டம் நிறைவேறிற்று. 1957-இல் இந்தியா சர்வதேச மீட்டர் உடன்படிக்கையிற் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி அணாவும் பைசாவும் போய் நயா பைசா வந்ததை நம் முதியோர் பலர் நினைவிற் கொண்டிருப்பர். வெளியுலகம் கண்டது நாணயத்தை மட்டுமே. உள்ளே நிகழ்ந்தது வேறு. பாரிஸ் நகருக்கு அருகில் ஸெவ்ர் என்னுமிடத்திற் காக்கப்பட்டுவந்த கிலோகிராம் ஒன்றுக்கு நேர்நகலாகிய பிளாட்டினம் இரிடியக் கட்டி, 57 என்னும் எண் பெற்று, டில்லிச் சாலைக்கு வந்து சேர்ந்தது. அதனோடு ஒப்பிட்ட எடைகள் மாகாணங்களுக்குச் சென்றன. அவற்றோடு ஒப்பிட்டவை ஜில்லாக்களுக்கு. அவற்றோடு ஒப்பிட்டவை கடைத்தெருவுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிற் பால்கோவா நிறுக்கும் கடைக்காரரின் எடைக்கல்லும் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியே. ஊருக்கு ஒரு மரக்கால் என்னும் வழக்கு இவ்வாறு மாறிற்று. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்குக் கட்டி ஆதாரமன்று, இயற்கையின் மாறா எண்ணொன்றே ஆதாரம்; எனினும் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு இறங்கிவரும் முறை மாறவில்லை.

முன்னர் நிறுத்திவைத்த எக்ஸ் கிரணச் செய்திக்கு இப்பொழுது வருவோம். எடைக்கல்லைக் கையிலெடுக்கலாம், கிரணத்தை எடுப்பது எங்ஙனம்? 1895 நவம்பரில் ரோண்ட்ஜன் அக்கிரணத்தைக் கண்டார். மறுவருஷமே வியன்னாவில் லியோபோல்டு பிராய்ண்டு என்பவர் ஒரு சிறுமியின் முதுகில் அடர்ந்து வளர்ந்த மயிரை அதனால் உதிர்க்க முற்பட்டார். மயிர் உதிர்ந்தது; தோலும் புண்ணாயிற்று. அளவு அறியாமையே காரணம். தோல் சிவத்தலையே அளவாகக் கொள்வோம் என்றனர் பலர். தோல் ஒருவருக்கொருவர் வேறுபடும். நம் நாட்டாரின் கரிய மேனியிலோ சிவப்பு எளிதிற் புலப்படவும் மாட்டாது. மேலும், சிவப்பு தோன்றுவதற்குள் கிரணம் உள்ளே சென்று தன் வேலையைச் செய்துவிடும். பார்த்த பின் நிறுத்துவது, பாம்பு கடித்த பின் விளக்கேற்றுவது போலாம்.

1902-இல் வியன்னாவில் ஹோல்ட்ஸ்க்னெக்ட் என்னும் வைத்தியர் கிரணம் பட்டால் நிறமாறும் உப்பைக்கொண்டு ஓர் அளவுமானி செய்தார். 1904-இல் பாரிஸில் ஸாபூரோவும் அவர் துணைவர் நுவாரேயும் பேரியம் பிளாட்டினோ ஸயனைடு பூசிய சிறு வில்லையை வழக்கில் கொண்டுவந்தனர். ஸாபூரோ குழந்தைகளின் தலையில் தோன்றும் படர்தாமரைக்கு வைத்தியம் செய்தவர். மயிர் உதிருமளவு வேண்டும், மீண்டும் முளையாதவாறு வேர் சாகுமளவு கூடாது. வில்லையைக் கிரணக் குழலுக்கும் தலைக்கும் நடுவே, பாதித் தூரத்தில் வைப்பர். ஆங்குத் தலையிற் படுவதைப்போல் நான்கு மடங்கு படும். பச்சை வில்லை பழுப்பாகிக் குறித்த சாயலை அடைந்ததும் நிறுத்துவர். நல்ல உபாயமே. ஆயின் பகலொளியில் ஒரு சாயல், விளக்கொளியில் மற்றொரு சாயல். வெப்பம் மிகினும் நிறம் மாறும். படர்தாமரைக்கு உண்ணும் மருந்து 1958-ஐ ஒட்டி வந்தபின் அவ்வைத்தியம் வழக்கொழிந்தது. அதற்குமுன் இஸ்ரேல் முதலிய நாடுகளில் அவ்வாறு கிரணம் பெற்ற குழந்தைகளுள் பலருக்குப் பிற்காலத்தில் மூளையிலும் கழுத்துக் கோளத்திலும் கட்டிகள் தோன்றியதை வைத்தியர்கள் கண்டு எழுதினர். ஹோல்ட்ஸ்க்னெக்டோ தம் விரல்களையும், 1931-இல் தம் உயிரையும் அக்கிரணத்துக்கே கொடுத்தார்.

நிறத்தை விட்டு எண்ணுக்கு வந்தது 1928-இல். கிருஷ்ணன் திரவங்களில் ஒளியைத் தேடிய அதே ஆண்டில், ஸ்டாக்ஹோமிற் கூடிய கிரண வைத்தியர் மாநாடு ரோண்ட்ஜன் என்னும் அலகை ஏற்றது. எக்ஸ் கிரணம் காற்றின் வழியே செல்லுங்கால் காற்றணுக்களை மின்னேற்றும். குறித்த வெப்பமும் அமுக்கமும் உள்ள ஒரு கன செண்டிமீட்டர் காற்றில் குறித்த மின்னளவை உண்டாக்கும் கிரணமே ஓர் அலகு. வில்லையின் இடத்தைக் காற்று பெற்றது. இன்று அவ்வலகுக்கு மாறாகக் கிரே என்பது வழங்குகின்றது. காற்றில் எழும் மின்னே இன்றும் ஆதாரம்.

தோல் வைத்தியக் கருவியை அளவுபடுத்துவோர் செய்வன யாவை என்பதைச் சிறிது விரித்துரைப்போம். இக்கருவிகள் ஐம்பது முதல் நூற்றைம்பது கிலோவோல்ட் வரையில் இயங்குவன. அதனினும் மெலிந்தவையும் உண்டு. முதலிற் கிரணத்தின் ஊடுருவும் திறனை அறிவர். அலுமினியத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிரணத்தின் வழியில் வைத்து, அதன் வலிமை பாதியாகும் கனத்தைக் காண்பர். அப்பாதிக்கனமே அக்கிரணத்தின் அடையாளம். பின்னர்ச் சிறு காற்றறை ஒன்றைக் கிரணத்தில் நிறுத்தி அதில் எழும் மின்னை அளப்பர். மெலிந்த கிரணமாகையால் அறையின் சுவர் தடித்திருப்பின் கிரணம் சுவரிலேயே மாய்ந்துவிடும். ஆதலின் முகப்பு மெல்லிய ஏட்டினும் மெல்லியதாக இருத்தல் வேண்டும்.

தூரத்தைப் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. குழலின் ஒளிமுனையினின்று தோல் மூன்று செண்டிமீட்டரில் இருக்கும் கருவியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அளவு நூற்றுக்கு ஏழு பங்கு பிசகும். கடிகாரமும் ஏமாற்றும். விசையைத் தட்டியவுடன் கிரணம் முழுவலிமை பெறுவதில்லை. ஆகையால் நான்கு நிமிஷம் ஒருமுறை செலுத்தியதையும், ஒவ்வொரு நிமிஷமாக நான்குமுறை செலுத்தியதையும் ஒப்பிட்டு, இழந்த விநாடிகளைக் கணக்கிடுவர். உடலினின்று திரும்பிச் சிதறிவரும் கிரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அகன்ற பரப்பில் அது நூற்றுக்கு இருபது முப்பது கூடச் சேரும்.

காற்றறை வெளிக்காற்றோடு தொடர்புடையது. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும். அறைக்குள் அணுக்கள் குறைவாக இருக்கும். கருவி காட்டும் எண்ணும் குறையும். அளவுபடுத்தும் சாலையில் 20 பாகை வெப்பத்தில் தேர்ந்த அறையை, நம் கரிசற் சீமையின் 35 பாகை வெப்பத்தில் அப்படியே நம்பினால் நூற்றுக்கு ஐந்து பிழை. மலையேறினால் பிழை மிகும். கொடைக்கானல் 7,000 அடி உயரத்தது. ஆங்குக் காற்றின் அமுக்கம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்குக்குமேற் குறைவு. அத்திருத்தத்தைச் செய்யாதவர், கருவி குறைவாகக் காட்டுவதை நம்பி நேரத்தைக் கூட்டுவாராயின், நோயாளியின் தோலுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுதியாகச் சென்றுவிடும். உஷ்ணமானியும் காற்றமுக்கமானியும் இவ்வைத்தியத்தில் கத்தியினும் முக்கியமானவை என்று யாம் கூறினால் மிகையாகாது.

இவ்வனைத்தும் சரியாகச் செய்தும் ஒரு வினா எஞ்சும். காற்றறை காட்டும் எண் மெய்யென்பதற்குச் சான்று யாது? அதனை அளவைச் சாலைக்கு அனுப்பி, ஆங்குள்ள உயர்ந்த அறையோடு ஒரே கிரணத்தில் ஒப்பிட வேண்டும். அவ்வுயர்ந்த அறையும் சுவரில்லாத் திறந்த காற்றில் மின்னை அளக்கும் மூலப் பொறியோடு ஒப்பிடப்படும். அம்மூலப் பொறிகளை நாடுகள் தம்முள் ஒப்பிட்டுக்கொள்ளும் இடங்களுள் முதன்மையானது ஸெவ்ர். கிலோகிராம் இறங்கிவந்த அதே படிக்கட்டு.

கிருஷ்ணன் வைத்தியர் அல்லர். ஆயினும் டில்லியில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி அக்கிரணக் குழலின் நெஞ்சைத் தொட்டது. 1913-இல் அமெரிக்காவில் கூலிட்ஜ் அமைத்த குழலில், டங்ஸ்டன் இழையொன்று மின்சாரத்தாற் காய்ச்சப்படும். அதனின்று எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டுப் பாய்ந்து உலோகத்தில் மோத, எக்ஸ் கிரணம் பிறக்கும். கிரணத்தின் வலிமை, பாயும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவ்வெண்ணிக்கை இழையின் சூட்டைப் பொறுத்தது. அப்பொறுப்பு மிகக் கடுமையானது. இழையின் சூடு நூற்றுக்கு ஒன்று ஏறினால், எலெக்ட்ரான்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். இழையோ எங்கும் ஒரே சூடாக இராது. நடுவிற் கொதிக்கும், முனைகளில் தாங்கும் கம்பி வழியே வெப்பம் கசிவதால் ஆறியிருக்கும்.

இழையின் நீளத்தில் சூடு எவ்வாறு பரவியிருக்கும் என்பதையும், உலோகத்தினின்று எலெக்ட்ரான்கள் எத்துணை வெளிவரும் என்பதையும் கிருஷ்ணன் எஸ். ஸி. ஜெயின் என்பவருடன் 1950-களில் ஆராய்ந்தார். இரண்டாவதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. உலோகத்தின் மேற்பரப்பு அழுக்காயினும் தேய்ந்தாலும் வெளிவரும் எண்ணிக்கை மாறுவதால், பரப்பையே நம்பி அளப்போருக்கு விடை ஒவ்வொரு முறையும் வேறாகும். இவரோ உள்ளீடற்ற சிறு பாத்திரம் ஒன்றை எங்கும் ஒரே சூடாகக் காய்ச்சி, அதன் சுவரில் ஊசித்துளையிட்டு, உள்ளே நிரம்பியிருக்கும் எலெக்ட்ரான் ஆவி அத்துளை வழியே வெளியேறுவதை அளந்தார். மூடிய பாத்திரத்துக்குள் நீராவி நிறைந்து நிலைபெறுவதைப்போல், எலெக்ட்ரான்களும் சூட்டுக்கேற்ற அமுக்கத்தில் நிலைபெறும்; உட்சுவரின் அழுக்கு அதனை மாற்றாது. முதற் கட்டுரை 1952-இல் வெளிவந்தது. இழைகளைப் பற்றியவை 1954-ஐ ஒட்டி ராயல் சங்கத்தின் ஏட்டில் வந்தன. டாக்காவில் படிகத்தைத் தாங்கிய இழையின் முறுக்கை எண்ணியவர், டில்லியில் கொதிக்கும் இழையின் சூட்டை எண்ணினார்; கண்ணுக்கு எட்டாததைக் கணக்குக்கு எட்டச் செய்யும் வழக்கம் அவரை விடவில்லை.

1948-இல் அமைந்த அணுசக்திக் கமிஷனில் ஹோமி பாபா தலைவர். பட்நாகரும் கிருஷ்ணனும் மற்ற இருவர். அக்கமிஷனின் முயற்சியால் பம்பாய்க்கு அருகே ட்ராம்பேயில் எழுந்த ஆராய்ச்சி நிலையத்தை 1957 ஜனவரியில் நேரு திறந்துவைத்தார்; 1967 முதல் அது பாபா பெயரால் வழங்குகின்றது. நாட்டின் எடைக்கும் நீளத்துக்கும் டில்லிச் சாலை ஆதாரமாக இருப்பதுபோல், கிரணங்களின் அளவைக்கு இந்நிலையம் ஆதாரமாயிற்று. நம் நாட்டு மருத்துவமனைகளின் காற்றறைகள் தேர்வுக்குச் செல்லும் பாதை அவ்விடத்தை நோக்கியே. கிருஷ்ணன் தலைமை தாங்கிய சாலையிலும், அவர் அங்கத்தினராயிருந்த கமிஷனின் சாலையிலுமாக அளவையின் இரு கிளைகள் வேர்விட்டன என்பதைச் சொல்லாமல் அவர் வரலாற்றை எழுதுவோர் ஒரு பாதியையே எழுதியவராவர்.

பட்டங்களைப் பற்றி விரைந்து கூறிவிடலாம். 1954-இல் பத்மபூஷண்; 1958-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பௌதிகத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்கே கிடைத்தது. இவற்றைப் பெரிதாகக் கொண்டாடியவர் அல்லர் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். டென்னிஸும் கால்பந்தும் பார்ப்பதிலும், தமிழும் வடமொழியும் படிப்பதிலும் அவர் பொழுது இனிது கழிந்தது. டில்லியில் அதிகாரக் காகிதங்களுக்கிடையே இளையோர் கொண்டுவரும் கணக்குகளோடு உட்கார்ந்துவிடும் பழக்கம், ஜார்ஜ் டவுனில் நண்பகல் வினாக்களுக்கு விடை கூறிய அந்நாளினின்றே வந்ததாகலாம்.

1960-ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸிற் கூடிய அளவை மாநாடு, மீட்டருக்கு இதுகாறும் ஆதாரமாயிருந்த உலோகக் கோலை நீக்கி, கிரிப்டான் என்னும் வாயுவின் ஒளியலையை ஆதாரமாக்கிற்று. ஒளியைச் சிதறடித்து ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியவர், கோலின் இடத்தை ஒளி பெற்றதைக் காணுமளவும் வாழ்ந்தார். மறுவருஷம் ஜூன் மாதம் 14-ஆம் தேதி, இயக்குநர் பதவியிலிருந்தபடியே டில்லியிற் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.